அத்தை பார்த்த முட்டைகள்

என் அப்பா தந்தி ஆபீஸில் வேலை பார்த்தார். சொற்களை எண்ணி எண்ணி அனுப்புகிற இடத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து பழகியதாலோ என்னவோ, வீட்டிலும் அவற்றைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார். குழம்பில் உப்பு குறைந்தால் "உப்பு" என்பார். வானம் இருட்டினால் "துணி" என்பார். அம்மா கொல்லைக்கு ஓடுவாள். அப்படிப்பட்டவர் தேனீயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த மாட்டார் என்பது எனக்கு ஒன்பது வயது நடக்கும்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

மயிலாப்பூரின் தெற்குக் கோடியில், மந்தைவெளிப் பக்கமாக எங்கள் வீடு. கொல்லையில் கிணறு, அதைத் தாண்டி நாலைந்து தென்னை, ஒரு முருங்கை, அப்புறம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்கிற வெளி. அடையாற்றில் ஒரு துரையின் தோட்டத்துக்கு ஏதோ வேலையாகப் போன அப்பா, அங்கே மரப் பெட்டிகளில் தேனீ வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று சோறு ஆறிப்போகும்வரை அதைப் பற்றியே பேசினார். அம்மா மோரை ஊற்றிவிட்டு, அதுங்க கொட்டாதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பழகிவிட்டால் கொட்டாது என்றார். யார் யாரோடு பழக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அந்தப் புரட்டாசியில்தான் அத்தையும் வந்து சேர்ந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. செங்கல்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை புருஷனோடு வந்து பொங்கல் பானைக்கு முன்னால் நிற்கிறவள், இந்தத் தடவை தகரப் பெட்டியோடு தனியாக வந்தாள். கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று வந்திருப்பதாக அம்மா என்னிடம் சொன்னாள். வந்த பிறகு அத்தை ஒருநாளும் கடற்கரைப் பக்கம் போகவில்லை. காற்றுதான் சாயங்காலமானால் வீட்டுக்கே வந்துவிடுகிறதே, அதுவே போதும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தேனீப் பெட்டியைக் கொண்டுவந்தவர் நாகர்கோவில் பக்கத்து மனிதர். துரையின் தோட்டத்தில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நாங்கள் அவரைப் பெட்டிக்காரர் என்றே சொல்வோம். தோட்டத்தில் ஒரு புளியமரப் பொந்திலிருந்த கூட்டை அடை அடையாக அறுத்தெடுத்து, மரச் சட்டங்களில் வாழை நாரால் கட்டிப் பெட்டிக்குள் நிறுத்தியிருந்தார். ஈரத் துணியில் சுற்றிய அந்தப் பெட்டி, பொழுது சாயும் நேரத்தில் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. முருங்கை மரத்தடியில் ஒரு முக்காலி மேல் வைத்து, எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களை மண் சட்டித் தண்ணீரில் நிறுத்தினார். துணியை எடுத்ததும் உள்ளிருந்து ஒரு ஈ நேராக வந்து அப்பாவின் இமையில் கொட்டியது. மறுநாள் ஒற்றைக் கண்ணோடு ஆபீஸுக்குப் போனார். அன்றிலிருந்து கிணற்றடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் மேற்பார்வை பார்ப்பார். தூரத்திலிருந்து பார்த்தால்தான் மொத்தமும் தெரியும் என்பார்.

போவதற்கு முன் பெட்டிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நாள் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிறகு வெயில் நாளாகப் பார்த்துத் திறந்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கி, ராணி நடமாடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், அறைகளின் அடியில் முட்டை இருக்கிறதா என்பது. பொடி நூலை நறுக்கி நிறுத்தியதுபோல வெள்ளையாக நிற்கும். முட்டை இருந்தால் புழு வரும்; புழு வந்தால் கூடு தழைக்கும். முட்டை இல்லாவிட்டால்?

அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது பெட்டிக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து லேசாகத் தேய்த்துக் காட்டினார். "அதை இப்படி எடுத்துட்டு, வேற ராணி கொண்டாந்து விட்டுருவேன்யா. ஒண்ணும் கஷ்டமில்ல."

ஒரு எறும்பை நசுக்குகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு விரல்கள் எனக்கு அதற்குப் பிறகு சாப்பிடும்போதுகூட ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தன.

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. அப்பா ஆபீஸுக்கு லீவு போட்டார். பெட்டியைத் திறக்க வேண்டியவர் யார் என்பது பற்றிப் பேச்சே எழவில்லை. அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்கிற ஆளே தெரியாது. கண்ணாடி போட்டால் புகையில் மங்கிவிடும். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு விட்டாள். அத்தைதான் முந்தானையைத் தலையோடு இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். ஊசியில் நூல் கோர்க்க அவளுக்கு ஒரு முயற்சிக்கு மேல் ஆகாது. நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். பக்கத்திலேயே நிற்க வேண்டும், அசையக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டாள்.

தேங்காய் நார்ப் புகையைப் பெட்டியின் வாசலில் காட்டிவிட்டு மூடியைத் தூக்கினாள். உள்ளிருந்து கொதிக்கிற உலையைப் போல ஒரு சத்தம் வந்து, மெல்ல அடங்கியது. சட்டத்தை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். வாழை நாரை ஈக்கள் கடித்துத் துப்பியிருந்தன. அடை மரத்தோடு நன்றாக ஒட்டிப் பிடித்திருந்தது. மூன்றாவது சட்டத்தில் ராணி இருந்தது. மற்றவற்றைவிட நீளமாக, கறுப்பாக, அவசரமே இல்லாமல் நடந்துபோயிற்று. சுற்றியிருந்தவை வழிவிட்டன. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது; அசையக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அத்தை சட்டத்தை வெயிலுக்குச் சாய்த்து அறைகளுக்குள் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் மூடிய அறைகள் இருந்தன. அவை பழைய இடத்தில் இட்டவை, பொந்திலிருந்தே வந்தவை என்று பெட்டிக்காரர் ஏற்கனவே சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் காலி. அடியில் மெழுகு பளபளத்ததே தவிர, நூல் நறுக்கைப் போல எதுவும் நிற்கவில்லை. அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

கிணற்றடியிலிருந்து அப்பா கேட்டார். "பாப்பா, முட்டை இருக்குதா?"

அத்தையை அவர் அந்த வயதிலும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒரு ஈ அவள் புறங்கையில் ஏறி, வளையலுக்கு அடியில் நுழைந்து, வெளியே வந்தது.

"இருக்குதுண்ணே" என்றாள்.

அப்பா கைகளைத் தட்டிக்கொண்டு அம்மாவிடம் சொல்ல உள்ளே போனார். அத்தை சட்டத்தை அதனிடத்தில் இறக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் கல்லையும் வைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த பயம் அத்தையைப் பற்றியது அல்ல. என் கண்ணைப் பற்றியது. எல்லோருக்கும் தெரிகிற முட்டை எனக்குத் தெரியவில்லை என்றால் அப்பாவின் கண் எனக்கும் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? வாசலில் நின்று, எதிரே வெற்றிலைக் கடைப் பலகையைப் படித்துப் பார்த்தேன். படிக்க முடிந்தது, ஆனால் அது எனக்கு மனப்பாடம், ஆகையால் கணக்கில் சேராது. லஸ் முனைக்குப் போனபோது தூரத்தில் வரும் டிராமின் நெற்றியில் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு. அம்மா இதைக் கவனித்துவிட்டாள். விசாரித்தாள். கண் மங்கலாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து தினமும் எனக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை. தலையில் எண்ணெய் வேறு.

அத்தை என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். குளத்துப் படியில் தெரிந்த பெண்கள் யாராவது அவளைப் பிடித்து நிறுத்தி, ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். அத்தை சிரித்த முகத்தோடு இல்லீங்க என்பாள். இன்னொருத்தி வந்து அதையே கேட்பாள், அதற்கும் இல்லீங்க. இந்த ஊரில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒரு சங்கதி எங்கள் வீட்டில் நடந்திருக்க, இவள் ஏன் அதை மறைக்கிறாள் என்று எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் நானே முந்திக்கொண்டு, "எங்க வீட்டுல தேனீப் பெட்டி வந்திருக்குது" என்று சொன்னேன். அந்த அம்மாள் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு போனாள். அத்தை வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. தேனீக்கள் வெளியே போக முடியாமல் வாசலில் வந்து பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தன. ஒரு மத்தியானம் மழை விட்டிருந்தது, அம்மா கண்ணயர்ந்திருந்தாள். நான் கொல்லைக்கு வந்தபோது அத்தை பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். மூடி திறந்திருந்தது. சர்க்கரைப் பாகு ஊற்றிய ஒரு கிண்ணத்தை உள்ளே வைத்து, ஈக்கள் அதில் விழுந்து சாகாமலிருக்க மேலே துரும்புகளைப் போட்டாள். பிறகு அந்த மூன்றாவது சட்டத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இன்னும் ஒண்ணும் இல்லையாடி?" என்றாள்.

யாரிடம் கேட்கிறாள் என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. ராணியிடம்தான்.

என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் தெரிந்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. அத்தை பொய் சொல்லியிருக்கிறாள். மழை முழுசாக விட்டதும், சொல்லிப் போனபடி பெட்டிக்காரர் வருவார், திறந்து பார்ப்பார், அந்த இரண்டு விரல்களையும் நீட்டுவார். ராணி செத்துப்போகும். ஏன் பொய் சொன்னாய் என்று அப்பா எல்லோர் முன்னாலும் அத்தையைக் கேட்பார். இதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் இன்றைக்கே ஆளனுப்பி அவரை வரவழைத்துவிடுவார்கள். பொன்னாங்கண்ணிக் கீரையைக்கூட நிறுத்தச் சொல்ல வழியில்லாமல் தின்றுகொண்டிருந்தேன்.

நாளாக ஆகப் பெட்டி வாசலில் ஈக்களின் நடமாட்டம் குறைந்தது. முன்பெல்லாம் முருங்கையடிக்குப் போனாலே காதில் விழும் சத்தம், இப்போது பெட்டியில் காதை வைத்தால்தான் கேட்டது. அத்தை வேலையெல்லாம் முடித்துவிட்டு அங்கேயே நிற்பாள். காலில் மஞ்சளாக மகரந்தம் ஒட்டிக்கொண்டு ஏதாவது ஈ வருகிறதா என்று பார்ப்பாள். உள்ளே புழு இருந்தால்தான் அதைச் சுமந்துகொண்டு வரும். ராத்திரி மழைச் சத்தம் கேட்டால், அடையாற்றில் வெள்ளம் வந்து பெட்டிக்காரர் இந்தப் பக்கமே வர முடியாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். வெள்ளம் வந்தது, வடிந்தும் போயிற்று.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா விடியற்காலையிலேயே பாயசத்துக்குப் பால் சொல்லியிருந்தாள். செங்கல்பட்டிலிருந்து அத்தை புருஷனின் அண்ணன் வருகிறாராம். அந்த வீட்டுக்கு அவர்தான் பெரியவர். மாம்பலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்காவில் வந்தார். பழமும் வெற்றிலையும் கொண்டுவந்திருந்தார். அத்தைக்கென்று எதுவும் இல்லை. கூடத்தில் அப்பாவும் அவரும் உட்கார்ந்தார்கள். என்னை அங்கே நிற்க விடவில்லை. வாசலுக்குப் போனேன். வெளியே பெட்டிக்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதவோரமாக ஒதுங்கினேன். அப்பாவுக்கோ அவரைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். கூடத்துப் பேச்சிலிருந்து எழுந்து வர ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் அது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வாங்க, எங்க தேனீயைப் பாருங்க என்று விருந்தாளியையும் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பெட்டிக்காரர் புகை காட்டி மூடியைத் திறந்தார். ஈ ரொம்பக் குறைஞ்சுபோச்சே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முருங்கையடியில் நின்றிருந்த அத்தைதான் போன தடவை பெட்டியைத் திறந்தவள் என்று அப்பா சொன்னதால், பார்த்து முடித்த சட்டங்களை அவளிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முதல் சட்டத்தில் ஒன்றுமில்லை. அதை வாங்கிக்கொண்டு அத்தை நின்றாள்.

செங்கல்பட்டுக்காரர் தென்னை மரத்தை ஒட்டித் தள்ளி நின்று, அப்படி என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டார். அப்பாவுக்கு அது போதும். ராணி என்றால் என்ன, அதன் வேலை என்ன என்று ஆரம்பித்தார். மொத்தக் கூடும் அதை நம்பித்தான் இருக்கிறது என்றார். அது முட்டையிடாவிட்டால் அதை எடுத்துப்போட்டுவிட்டு வேறொரு ராணியைக் கொண்டுவந்து வைப்பதுதான் முறை, அப்போதுதான் கூடு பிழைக்கும் என்றார்.

விருந்தாளி மெல்லச் சிரித்தார். "சின்னப் பூச்சி. அதுங்க விஷயத்துல நியாயம் எவ்வளவு சுலபமாப் புரியுது பாருங்க" என்றார்.

அப்பா பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது.

அவருடைய முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தையின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பெட்டிக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சட்டத்தையும் அவர் எடுத்து, பார்த்து, அத்தையிடம் கொடுத்துவிட்டார். மூன்றாவதைத் தூக்கினார். வெயிலுக்குச் சாய்த்தார். திருப்பினார்.

"இங்க வந்து பாருங்கய்யா" என்றார். "இருக்குது."

அப்பா கிணற்றடியை மறந்து பக்கத்தில் வந்தார். அடையின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, அறைக்கு ஒன்றாக வெள்ளை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தன. நானும் பார்த்தேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நேற்றோ முந்தாநாளோ இட்டதாக இருக்கும், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றார் பெட்டிக்காரர்.

அப்பா, முன்பே இருந்ததே, பாப்பா பார்த்தாளே என்றார்.

பெட்டிக்காரர் மறுபடி சட்டத்தைப் பார்த்தார். அன்றிலிருந்தே முட்டையிட்டு வந்திருந்தால் இன்றைக்குப் புழுவும் மூடிய அறையும் இருந்திருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளிலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈக்கள் அவள் விரல்களின் மேலும் வளையல்களின் மேலும் நடந்துகொண்டிருந்தன.

"பாத்திருப்பாங்க" என்றார் அவர். "மழையில நின்னுபோயிருக்கும்."

அப்பா தலையாட்டினார். மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, விருந்தாளியோடு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை அம்மா எனக்குச் சொல்லும்போது எனக்கே கல்யாணமாகிவிட்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அத்தைக்குக் குழந்தை இல்லை என்பதால், தை பிறந்ததும் தம்பிக்கு வேறு பெண் பார்த்துக் கட்டப்போகிறோம், அத்தையும் திரும்பி வந்து கூடவே இருக்கலாம், அண்ணனாக நீங்கள் சம்மதித்துவிட்டால் நாலு பேர் பேச மாட்டார்கள் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். அப்பாவும் சரி என்று சொல்லிவிடுகிற முடிவில்தான் அன்று காலை குளித்துவிட்டு உட்கார்ந்தாராம். வேறு வழி என்ன இருக்கிறது என்று அதற்கு முந்தின நாள்கூட அம்மாவிடம் சொன்னாராம். கொல்லையிலிருந்து வந்ததும், நீங்கள் உங்கள் இஷ்டப்படி செய்துகொள்ளுங்கள், எங்கள் பெண் அங்கே வர மாட்டாள், என் சம்மதமும் கிடைக்காது என்றார். இரண்டாம் தரம் கேட்டபோது எழுந்து நின்றுவிட்டார். வந்தவர் சாப்பிடாமலேயே ஜட்கா கூப்பிடச் சொன்னார். தையில் அவர்கள் நினைத்தபடி கல்யாணம் நடந்தது. அத்தை கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். தேனீக்கள் அப்படி இல்லை. ஓர் ஆனிமாதக் காலையில் ஒன்றுவிடாமல் கிளம்பிப் போய்விட்டன. அப்பா அதற்குள் ஒட்டு மாங்கன்றுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் பயந்த எதுவும் நடக்கவில்லை என்பதுதான். ராணி உயிரோடு இருந்தது. அத்தையின் பொய் யாருக்கும் தெரியவில்லை. இலை போட்டிருந்தும் சாப்பிடாமல் ஒருவர் போகிறார் என்றால் ஈ கொட்டியிருக்கும் என்று நினைத்தேன். அத்தையிடம் இதையெல்லாம் சொல்ல ஓடினேன்.

அவள் துவைக்கிற கல்லில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. முன்னால் போய்ப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தாள்.

"கொட்டிடுச்சா அத்தை?"

இல்லை என்று தலையசைத்தாள்.

அப்படியானால் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அவள் சட்டத்தைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள். "அதான் முட்டை வந்துடுச்சே அத்தை, நானே பாத்தேன்" என்றேன்.

அவள் என்னை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். முகத்தை என் தலையில் வைத்துக்கொண்டதால் குரல் தெளிவாகக் கேட்கவில்லை.

"ஆமாடி கண்ணு. அவளுக்கு வந்துடுச்சு."

நானும் அதைத்தானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் சந்தோஷம் வந்தாலும் அழுவார்கள் என்று எங்கேயோ கேட்டிருந்தது ஞாபகம் வந்தது. அத்தையின் பிடி தளர்ந்ததும் எழுந்து, விருந்தாளிக்கு வைத்த பாயசம் இனி யாருக்கு என்று அம்மாவிடம் கேட்க உள்ளே ஓடினேன்.